சொன்னது கெமிஸ்ட், கொடுத்தது பேக்கிங்: சேதராப்பட்டில் சேர்ந்த தம்பிக்கு

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் நெல்லிக்குப்பத்துத் தம்பி, பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்தவர். கடலூரில் ஒரு கன்சல்டன்சிக்கு 5,000 ரூபாய் கட்டி, புதுச்சேரி சேதராப்பட்டில் ஒரு மருந்துக் கம்பெனியில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. சேரும்போது சொன்னது க்யூ.சி. (குவாலிட்டி கன்ட்ரோல், மருந்தின் தரம் சோதிக்கும் லேப்) கெமிஸ்ட் வேலை, மாதம் 22,000, பகல் ஷிஃப்ட் மட்டும், கம்பெனி பஸ் இலவசம், ஆறு மாதத்தில் பெர்மனென்ட். நடப்பது பேக்கிங் லைனில் மூன்று ஷிஃப்ட். கையில் வருவது 16,550. அடுத்த ஷிஃப்டுக்கு மாற்ற வேண்டிய ஆள் (ரிலீவர்) வராத நாளில் இன்னும் நாலு மணி நேரம் நிற்க வேண்டும், அதற்குச் சாதா ரேட். ஒரிஜினல் மார்க் ஷீட்டெல்லாம் கம்பெனியிடம். இரண்டு வருடத்துக்குள் விலகினால் ஒரு லட்சம் கட்ட வேண்டும் என்று பாண்ட். "நாளைக்கே நின்றுவிடட்டுமா, சண்டை போடட்டுமா சார்?" என்று கேட்கிறார்.

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம் தம்பி.

நான் இருபது வருடத்துக்கு மேல் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன். கடலூர் சிப்காட்டில் தொடங்கி, புதுச்சேரி மேட்டுப்பாளையம், திருபுவனை என்று கம்பெனிகளின் பர்சனல் டிபார்ட்மென்டில் காலம் போனது. அதனால் இந்த வாக்குறுதி எப்படி ஊதிப் பெரிதாகிறது என்று தெரியும். பிளான்ட் ஹெட் கேட்டது க்யூ.சி.க்கு நாலு பேர், பேக்கிங்குக்கு முப்பது பேர் என்று இருக்கும். எச்.ஆர். அதைக் கன்சல்டன்சிக்கு அனுப்பும்போது "கெமிஸ்ட்ரி டிகிரி, 34 பேர்" என்று ஆகிவிடும். கன்சல்டன்சிக்காரர் 34 பேரிடமும் க்யூ.சி. என்பார், தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் காசு. கடைசியில் பொய் சொன்னது யார் என்று தேடினால் ஆள் கிடைக்க மாட்டார். உங்கள் ஷிஃப்ட் சூப்பர்வைசரிடம் போய், "க்யூ.சி. என்று சொன்னீர்களே" என்று கத்தினால் அவர் முழிப்பது நடிப்பில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியாது.

ஆகவே முதல் வேலை, சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றும் எந்தக் காகிதத்தில் இருக்கிறது என்று பார்ப்பது. நீங்கள் அனுப்பிய ஆஃபர் லெட்டர், பே ஸ்லிப், வாட்ஸ்அப் படம் மூன்றையும் பார்த்தேன். நேராகச் சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள்.

22,000 விஷயத்தில் உங்களுக்குப் பெரிய பிடி இல்லை. ஆஃபர் லெட்டர் இரண்டாம் பக்கத்தில் சி.டி.சி. 22,000 என்று பிரித்துப் போட்டிருக்கிறார்கள், அடியில் உங்கள் கையெழுத்தும் இருக்கிறது. சி.டி.சி. என்றால் கம்பெனிக்கு உங்களால் ஆகும் மொத்தச் செலவு. உங்கள் கைக்கு வருவது வேறு. பேசிக் 11,000. அதில் கம்பெனி கட்டும் பி.எஃப். (வைப்பு நிதி) 12 சதவீதம், 1,320. கம்பெனி பங்கு இ.எஸ்.ஐ. (மருத்துவக் காப்பீடு), மொத்தச் சம்பளத்தில் 3.25 சதவீதம், 634. கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) என்று பேசிக்கில் 4.81 சதவீதம், 529. இந்த மூன்றும் போனால் பே ஸ்லிப்பில் நிற்கும் மொத்தம் 19,517. அதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 1,320, உங்கள் இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 147. மிச்சம் 18,050. கிராஜுவிட்டி நிரந்தர வேலையில் பொதுவாக ஐந்து வருடம் இருந்தால்தான் கைக்கு வரும். அதை மாதச் சம்பளத்தில் காட்டுவது சட்டப்படி குற்றமில்லை, ஆனால் எனக்குப் பிடிக்காத பழக்கம். நானே இப்படி நூற்றுக்கணக்கான லெட்டர் அடித்திருக்கிறேன், அது வேறு கதை. அடுத்த முறை யாராவது மாதம் இவ்வளவு என்றால் "டேக் ஹோம் எவ்வளவு?" என்று அங்கேயே கேளுங்கள்.

18,050க்குக் கீழே இன்னும் 1,500 போயிருக்கிறது. பஸ் 900, கேன்டீன் 600. கேன்டீனைப் பற்றி யாரும் எதுவும் எழுதித் தரவில்லை, அதை விடுங்கள். பஸ் அப்படி இல்லை. கம்பெனி எச்.ஆர். உங்களுக்கு நேரடியாக அனுப்பிய வாட்ஸ்அப்பில் "கடலூரிலிருந்து போக்குவரத்து இலவசம்" என்று இருக்கிறது. அது எழுத்துதான். அந்த உரையாடலை அழிக்காதீர்கள், போனை மாற்றினாலும் பழைய போனை வைத்திருங்கள்.

பகல் ஷிஃப்ட் மட்டும் என்பது வாயால் சொன்னது. லெட்டரில் "நிர்வாகம் ஒதுக்கும் எந்த ஷிஃப்டிலும்" என்று தெளிவாக இருக்கிறது. அது போயிற்று. பெர்மனென்ட் என்பதற்கும் "திருப்தியாக இருந்தால் பரிசீலிக்கப்படும்" என்றுதான் போட்டிருக்கிறார்கள், அதைப் பிடித்துத் தொங்க முடியாது. வேலை என்ன என்பது மட்டும் பிழைத்திருக்கிறது: "ட்ரெய்னி கெமிஸ்ட், குவாலிட்டி கன்ட்ரோல்" என்று பதவிப் பெயரே அச்சில் இருக்கிறது.

நீங்கள் கேள்வியில் போகிறபோக்கில் சொன்ன ஒன்றுதான் சட்டப்படி உங்கள் கையில் இருக்கும் வலுவான சீட்டு. அந்த நாலு மணி நேரம். தொழிற்சாலையில் ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல், அல்லது வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இரட்டை ரேட் தர வேண்டும். 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்திலிருந்து இருக்கும் விதி இது, புதிய சட்டத் தொகுப்பிலும் இரட்டை என்பது மாறவில்லை. மாதம் ஆறு நாள் இப்படி நின்றீர்கள் என்றால் 24 மணி நேரம். 19,517ஐ 26 நாளுக்கும் எட்டு மணிக்கும் வகுத்தால் மணிக்குச் சுமார் 94 ரூபாய். ஒரு மடங்குதான் வந்திருக்கிறது, இன்னொரு மடங்கு பாக்கி. மாதம் ஏறத்தாழ 2,250, நாலு மாதத்துக்கு 9,000. எந்தத் தொகையை அடிப்படையாக எடுப்பது என்று கம்பெனி வாதாடும், கொஞ்சம் குறையலாம். இருந்தாலும் பஸ் காசைவிட இது பெரிது. இன்றிலிருந்து ஒரு சின்ன டைரியில் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், ஏறிய பஸ் எல்லாவற்றையும் அன்றன்றே எழுதி வையுங்கள். ஒரே நாளில் உட்கார்ந்து நாலு மாதத்துக்கும் சேர்த்து எழுதினால், பேனா மை பார்த்தே லேபர் ஆபீசர் கண்டுபிடித்துவிடுவார்.

(எட்டு மணி நேர வேலை வேண்டும் என்று கேட்டு, 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிச் சூட்டில் 12 பஞ்சாலைத் தொழிலாளர்கள் செத்த ஊர் புதுச்சேரி. அதே ஊரில் இன்றைக்கு பி.எஸ்சி. படித்த பிள்ளை பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு, அது ஓ.டி. (ஓவர்டைம்) என்றே தெரியாமல் கடிதம் எழுதுகிறது.)

சரி, இனி என்ன செய்வது?

ஒரு கடிதம். அரைப் பக்கம் போதும். மெயிலிலும் அனுப்புங்கள், ஒரு பிரதி நேரில் கொடுத்து மறு பிரதியில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் ஸ்பீட் போஸ்டில், போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி கேட்டு அனுப்புங்கள். ஏறக்குறைய இப்படி இருக்கட்டும்:

"ஐயா, நான் இன்ன தேதி முதல் தங்கள் நிறுவனத்தில் ட்ரெய்னி கெமிஸ்ட் (க்யூ.சி.) ஆகப் பணியில் இருக்கிறேன். என் ஆஃபர் லெட்டரில் இந்தப் பொறுப்பே குறிப்பிடப்பட்டுள்ளது. சேர்ந்த நாள் முதல் பேக்கிங் பிரிவில் கொடுத்த வேலையைக் குறையில்லாமல் செய்து வருகிறேன். க்யூ.சி. பிரிவுக்கு எந்தத் தேதியிலிருந்து மாற்றப்படுவேன் என்று தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் இதுவரை எனக்கு வரவில்லை, அதையும் வழங்க வேண்டுகிறேன். கடலூரிலிருந்து போக்குவரத்து இலவசம் என்று இன்ன தேதி வாட்ஸ்அப் செய்தியில் தெரிவித்திருந்தீர்கள். மாதம் 900 ரூபாய் பிடிக்கப்படுகிறது. இதைச் சரிசெய்து தர வேண்டுகிறேன்."

ஏமாற்றம், மோசடி, வழக்கு என்ற சொற்கள் ஒன்றுகூட இதில் இல்லை, கவனித்தீர்களா? ஓ.டி. பற்றியும் எழுதவில்லை. அது எங்கேயும் ஓடிவிடாது. முதல் கடிதத்திலேயே அதைப் போட்டால் அந்தத் தாள் எச்.ஆர். மேசையிலிருந்து நேராக வக்கீல் மேசைக்குப் போய்விடும், பிறகு உங்களோடு யாரும் சகஜமாகப் பேச மாட்டார்கள்.

அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், அது புகாரே இல்லை, உரிமை. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அதன்படி வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் கொடுத்தாக வேண்டும். "ப்ரொபேஷன் முடிந்ததும் தருவோம்" என்பது செல்லாது. ஆர்டரை அடிக்க உட்கார்ந்தால் பதவி என்ற இடத்தில் எதையாவது எழுதித்தான் ஆக வேண்டும். க்யூ.சி. என்று எழுதினால் உங்களை அங்கே அனுப்ப வேண்டும். பேக்கிங் என்று எழுதினால் ஆஃபர் லெட்டரோடு மோதும். இரண்டில் எது வந்தாலும் உங்களுக்குத் தெளிவு கிடைக்கிறது.

மருந்துக் கம்பெனியில் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. ஆடிட் வருகிறவர்கள் ஆட்களின் வேலை விவரம், பயிற்சிப் பதிவு, யார் எந்தப் பிரிவு என்ற பட்டியல் எல்லாவற்றையும் கேட்பார்கள். பட்டியலில் க்யூ.சி., ஆள் நிற்பது பேக்கிங் என்றால் பதில் சொல்ல வேண்டியது பிளான்ட் ஹெட். லேபர் ஆபீசை விட ஆடிட்டருக்குத்தான் அங்கே பயம் அதிகம். இதை மிரட்டலாகச் சொல்லாதீர்கள், சொன்னால் கெட்டது. தெரிந்து வைத்துக்கொண்டால் போதும். நான் இருந்த ஓர் இடத்தில் உங்களைப் போலவே பேக்கிங்கில் மாட்டிக்கொண்ட ஒரு பெண் இப்படி அரைப் பக்கம்தான் எழுதினார். மூன்றே வாரத்தில் லேபுக்கு மாற்றினார்கள். அவரோடு சேர்ந்து வந்து கேன்டீனில் தினமும் திட்டிக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேர் அங்கேயேதான் இருந்தார்கள்.

பேசப் போகும் நேரமும் முக்கியம். மாதக் கடைசியில் டிஸ்பாட்ச் நெருக்கடி, அப்போது பேக்கிங் ஆளை விட்டுத்தர ஒருத்தரும் ஒப்ப மாட்டார். எட்டாம் தேதிக்கு மேல் இருபதுக்குள் போங்கள். எச்.ஆரிடம் மட்டும் பேசினால் பாதி வேலைதான், க்யூ.சி. ஹெட்டையும் பாருங்கள், அவருக்கு ஆள் தேவையா என்று அவருக்குத்தான் தெரியும். "எனக்குச் சொன்னது இது" என்று ஆரம்பிக்காமல், "டைட்ரேஷன் எல்லாம் காலேஜில் செய்திருக்கிறேன் சார், எப்போது எடுத்துக்கொள்வீர்கள்?" என்று ஆரம்பியுங்கள். "பார்க்கலாம்" என்றால், "ஒரு தேதி சொன்னால் நல்லா இருக்கும் சார்" என்று நிற்க வேண்டும். வெளியே வந்ததும் அன்றைக்கே, "இன்று பேசியபடி அடுத்த மாதம் ஒன்றாம் தேதி என்று சொன்னீர்கள், நன்றி" என்று ஒரு மெயில்.

பதினைந்து நாள் பதிலே இல்லை என்றால் அப்புறம் லேபர் ஆபீஸ். இதில் கடலூர்க்காரர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு ஒன்று. திங்கட்கிழமை கடலூர் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுத்துவிட்டு வருவார்கள். வீடு நெல்லிக்குப்பமாக இருக்கலாம், வேலை நடப்பது எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டி. புதுச்சேரி யூனியன் பிரதேசம், அதற்குத் தொழிலாளர் துறை தனி. கடலூரில் கொடுத்த மனு மேசை மேசையாகச் சுற்றி ஒரு மாதம் கழித்து "எங்கள் எல்லைக்குள் வராது" என்று திரும்பி வரும். வேலை செய்யும் இடம் எந்த எல்லையில் இருக்கிறதோ அந்த ஆபீஸ்தான். நீங்கள் புதுச்சேரித் தொழிலாளர் துறைக்குத்தான் போக வேண்டும்.

அங்கே எதைக் கேட்க முடியும் என்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வேலையை விட்டு நீக்கினால் தனி ஆளாகவே தொழில் தகராறு எழுப்பலாம். நீக்காமல், வேறு பிரிவில் போட்டுவிட்டார்கள் என்ற குறைக்குச் சங்கமோ, கூட வேலை செய்பவர்களோ சேர்ந்து நின்றால்தான் அது தகராறாக எடுபடும். நடைமுறையில் தனி மனுவை வாங்கிக்கொண்டு நிர்வாகத்தைக் கூப்பிட்டுப் பேசும் ஆபீசர்கள் உண்டு, அது அவர்கள் நல்ல மனசு. உங்களோடு சேர்ந்தவர்களில் நாலைந்து பேர் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டால் கதையே வேறு. சம்பளப் பாக்கி மட்டும் அப்படியில்லை. ஓ.டி., தப்பான பிடித்தம் இவற்றை ஒருவராகவே கேட்கலாம், மூன்று வருடம் வரை அவகாசம் இருக்கிறது. "நீ கெமிஸ்ட், ஸ்டாஃப், தொழிலாளியே இல்லை" என்று அங்கே ஒரு வாதம் வரும். பதவிப் பெயரை வைத்து அது முடிவாகாது, உண்மையில் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை வைத்துத்தான். மாத்திரை ஸ்ட்ரிப் அடுக்குகிறவரை யாரும் மேனேஜர் என்று சொல்ல முடியாது. வக்கீல் வைக்க வேண்டி வந்தால், தொழிற்சாலைத் தொழிலாளிக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, 1987ஆம் வருடச் சட்ட உதவிச் சட்டத்திலேயே இருக்கிறது. கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணையத்தில் விசாரியுங்கள். லேபர் கோர்ட் வரைக்கும் போனால் வருடக்கணக்கு. 9,000 ரூபாய்க்கு அது வேண்டுமா என்பது உங்கள் முடிவு, நான் போக மாட்டேன்.

பாண்ட் பற்றி ரொம்பப் பயப்படுகிறீர்கள். பாண்ட் என்பதே செல்லாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்குள் விலகினால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று சொல்லியிருக்கிறது. அதற்காக ஒரு லட்சத்தை உடனே எண்ணி வைக்கத் தேவையில்லை. ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவின்படி எழுதியிருக்கும் தொகை உச்ச வரம்பு மட்டும்தான், அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும். உங்களுக்கு அரை நாள் பாதுகாப்பு வகுப்பைத் தவிர எந்தப் பயிற்சியும் தரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியிருக்க, பேக்கிங்கில் நிறுத்திய ஆள் போனதால் ஒரு லட்சம் நஷ்டம் என்று கோர்ட்டில் காட்டுவது அவர்களுக்குச் சுலபமில்லை. சொன்ன வேலையைத் தராததும் அவர்கள்தான். நான் எழுதச் சொன்ன கடிதத்தின் பிரதி கையில் இருந்தால் அதற்கும் அது சாட்சி.

தயவுசெய்து சொல்லாமல் மட்டும் நின்றுவிடாதீர்கள். எனக்கு 23 வயதில் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் குவார்ட்டர்ஸ் தருவதாகச் சொல்லி, போய்ப் பார்த்தால் ஒரு ஷெட்டில் ஆறு பேர். பதினோராம் நாள் கோபத்தில் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் பதினோரு நாள் சம்பளத்தையும் வாங்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு இன்டர்வியூவில் "அங்கே ஏன் ரிலீவிங் லெட்டர் இல்லை?" என்ற கேள்விக்கு உளறினேன். விலகுவது என்று முடிவானால் நோட்டீஸ் கொடுத்து, காரணத்தை ஒரே வரியில் எழுதி, கணக்கு முடித்து வாருங்கள். ராஜினாமா செய்தாலும் நீக்கினாலும் இரண்டு வேலை நாளுக்குள் சம்பளப் பாக்கி தர வேண்டும் என்கிறது சட்டம். கம்பெனிகள் 45 நாள் என்பார்கள், கேளுங்கள். தேதி போடாத ராஜினாமா, வெள்ளைத் தாள் இவற்றில் கையெழுத்து கேட்டால் மட்டும் அண்ணனைக் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிடுங்கள்.

கன்சல்டன்சி வாங்கிய 5,000க்கு ரசீது இருக்கிறது என்கிறீர்கள். அது காசு வாங்கிச் செய்த சேவை, அதனால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், நீங்கள் வசிக்கும் கடலூர் மாவட்டத்திலேயே. ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணமில்லை. பெரும்பாலும் நோட்டீஸ் போனதும் அந்த ஆளே போன் செய்வார்.

மிச்சம் மார்க் ஷீட். அதைத்தான் உடனே வாங்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். அடகுப் பொருள் இல்லை அது, வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை கிடையாது. ஆனால் மேலே சொன்ன கடிதத்தோடு இதைச் சேர்க்காதீர்கள். தனியாக, "எம்.எஸ்சி. விண்ணப்பத்துக்கு ஒரிஜினல் சரிபார்க்க வேண்டும்" என்று இரண்டு வரி எழுதிக் கேளுங்கள். நீங்கள் தொலைக்கல்வியில் போடப் போவதாகச் சொன்னீர்களே, பொய்யும் ஆகாது. மூன்று நாளில் தராவிட்டால் லேபர் ஆபீசுக்குக் கொண்டு போகும் முதல் மனு அதுவாக இருக்கட்டும். தரும்போது "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து கேட்பார்கள். போடும் முன் அங்கேயே உட்கார்ந்து எண்ணுங்கள்: பத்தாவது, பன்னிரண்டாவது, டி.சி., ஆறு செமஸ்டர், புரொவிஷனல். பத்துத் தாள்.